கை மாறும் நாள்

காபியை மறுபடியும் ஆறவிட்டுவிட்டு, அக்கா மறுபடியும் அடுப்பைப் பற்றவைத்தாள். இந்த வீட்டில் ஒரு மாதமாக எதுவும் சூடாக வயிற்றுக்குள் போனதில்லை.

அக்கா என்றால் தம்பிக்கு மட்டும் அக்கா இல்லை. அலுவலகத்தில் வேலை செய்கிறவர்கள், இடத்தை வாடகைக்கு விட்டவர், தண்ணீர் கேன் போடுகிறவர் எல்லோருக்கும் அவள் அக்காதான். நாமும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டோம். அவளும் தம்பியும் சேர்ந்து ஆரம்பித்து, கைக்குழந்தை மாதிரி வளர்த்த மென்பொருள் நிறுவனம் இப்போது கை மாறப் போகிறது. நாளைக் காலை கையெழுத்து.

தொழிற்சாலையில் எந்த இயந்திரத்துக்கு எப்போது எண்ணெய் போட வேண்டும், எந்த பெல்ட்டை எப்போது மாற்ற வேண்டும், ஸ்டோரில் எந்த ஸ்பேர் தீரப் போகிறது என்று தொழிலாளியின் செல்போனுக்கே வந்து சொல்லும் மென்பொருள் அது. 'கிரீஸ் வெச்சியா, பெல்ட்டைப் பார்த்தியா' என்று நாள் முழுக்கப் பிடுங்கி எடுப்பதால் தொழிலாளிகள் அதற்கு வைத்த பெயர் 'மாமியார்'. அக்காவுக்கு அந்தப் பெயரில் ரொம்பப் பெருமை.

ஆரம்ப நாளில் பணம் போட்ட பழைய பங்குதாரர், வயதாகிவிட்டது, விலகுகிறேன் என்றார். அவர் பங்கைக் கேட்டு இரண்டு பேர் வந்தார்கள். ஒன்று போட்டிக் கம்பெனி. அவர்கள் வாங்குவது இழுத்து மூடுவதற்குத்தான் என்று எல்லோருக்கும் தெரியும். இன்னொன்று ஒரு முதலீட்டு நிறுவனம். அது அவர் பங்கோடு அக்கா, தம்பி பங்குகளிலும் கொஞ்சம் கொஞ்சம் கேட்டது. சேர்த்துப் பார்த்தால் பாதிக்கு மேல் அவர்கள் கைக்குப் போய்விடும். அக்கா சரி என்றாள். தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அதற்குள் அந்த விபத்து.

எல்லா வாடிக்கையாளரும் புதிய பதிப்புக்கு மாறிவிட்டால் நிறுவனத்தின் மதிப்பு கூடும் என்று வாங்குகிறவர்கள் சொல்லியிருந்தார்கள். அந்த வாரம் தம்பி மனைவியின் பிரசவத்துக்காக ஆஸ்பத்திரியில் இருந்தான். சோதனை பார்க்கும் பெண், "பாதிதான் பார்த்திருக்கேன்க்கா" என்று தயங்கினாள். "பார்த்துக்கலாம், அனுப்பிடு" என்று சொன்னவள் அக்கா. ஓடிய மணிக்கணக்கை வைத்து வர வேண்டிய நினைவூட்டல்கள் சில, புதிய பதிப்பில் வராமலே போயின. ஒரு கண்ணாடி பாட்டில் தொழிற்சாலையில், காற்றடித்து உலைச் சுவரைக் குளிர்விக்கும் புளோயரின் பேரிங் கிரீஸ் இல்லாமல் காய்ந்து இறுகியது. அதை அவசரமாகக் கழற்றி மாற்றும்போது பழுது பார்க்கும் ஒரு பிட்டரின் வலது கையில் இரண்டு விரல்கள் நசுங்கின.

அந்தத் தொழிற்சாலையின் பராமரிப்பு மேலாளர் வேறு யாருமில்லை. அக்காவின் கணவர்தான். அவள் பிறந்த வீட்டில் அவருக்கு 'பாட்டில் மாமா' என்று பெயர், ஒரு சொட்டு தொடாத மனிதராக இருந்தும்.

தவறு புரோகிராமில் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். புரோகிராம் தம்பியுடையது. அவனும் ஒரு வார்த்தை மறுக்காமல் பழியை ஏற்றுக்கொண்டான். அக்கா வாயைத் திறக்கவில்லை.

இன்று, முதலீட்டு நிறுவனத்திலிருந்து ஒரு அம்மாள் அந்தத் தொழிற்சாலைக்கே நேரில் போகிறார். மாமாவிடம் பேசுவதற்கு.

"நீங்க என்ன சொல்லப் போறீங்க?" என்றாள் அக்கா.

மாமா ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தார். "கேட்கிறதுக்குப் பதில் சொல்லுவேன்."

"கேட்கிறதுக்கு மட்டுமா?"

"பின்ன, நானா உட்கார்ந்து கதை சொல்லப் போறேன்?"

அழைப்பு மணி அடித்தது. தம்பி. சட்டைத் தோளில் குழந்தை கக்கிய கறை. கண் இரண்டும் தூக்கமில்லாமல் உள்ளே போயிருந்தன. செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"மாமா, நீங்க கிளம்பறதுக்குள்ள ஒரு வார்த்தை. நடந்ததை நடந்தபடி சொல்லிடுங்க. வியாபாரம் உடைஞ்சா உடையட்டும்."

"ஏன்டா, நீயே வளர்த்துட்டு நீயே கழுத்தை நெரிக்கிறியா?" என்றாள் அக்கா.

"வித்துட்டா அது நம்மளது இல்லக்கா. நீயும் நானும் நம்ம ஆபீஸ்லயே லீவுக்கு எழுதிக் கொடுத்துட்டு நிக்கணும்."

"போட்டிக்காரன் வாங்கினா லீவு எழுத ஆபீஸே இருக்காது. அத்தனை பேரும் தெருவுல நிப்பாங்க. அதை யோசிச்சியா?"

"நீ அந்த நிதியம்மா பேச்சைக் கேட்டு கேட்டு அவங்க மாதிரியே பேசறே."

'நிதியம்மா' என்பது அந்த அம்மாளுக்குத் தம்பி வைத்த பெயர். வீட்டில் எல்லோருக்கும் அது ஒட்டிக்கொண்டுவிட்டது.

மாமா எழுந்தார். "ரெண்டு பேரும் என்னை நடுவுல விட்டு இழுக்காதீங்க. நான் என் வேலையைப் பார்க்கிறேன்." வாசல்வரை போனவர் திரும்பினார். "மாப்ள, அந்தப் பையனை நேத்து பார்த்தியா?"

"போயிருந்தேன் மாமா. ஒரு விரல் லேசா மடங்குது. இன்னொண்ணு அப்படியேதான் இருக்கு. அவன் பொண்டாட்டி இப்பல்லாம் என்னைப் பார்த்தா டீ போட ஆரம்பிச்சிடறாங்க. அதான் கஷ்டமா இருக்கு."

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. பக்கத்திலேயே நின்ற அக்கா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். தம்பிதான் ஓடி வந்து அடுப்பை அணைத்தான். இந்த ஒரு மாதத்தில் அவள் பிட்டர் வீட்டுக்கு ஒரு தடவைகூடப் போகவில்லை. பழம் வாங்கித் தம்பியிடம் கொடுத்தனுப்பியதோடு சரி.

*

தொழிற்சாலை வாசலில் நிதியம்மாவுக்குக் கொடுத்த பாதுகாப்பு ஷூ ஒரு அளவு பெரியது. ஆனாலும் முகம் சுளிக்காமல், தடக் தடக்கென்று சத்தம் எழுப்பிக்கொண்டு மாமாவுக்குச் சமமாக நடந்தார். ஐம்பதை ஒட்டிய வயது. கையில் பை கிடையாது, கூட ஆள் கிடையாது.

உலைக்கூடத்தில் சூடு முகத்தில் அறைந்தது. சிவந்த கண்ணாடிக் குழம்பு துண்டு துண்டாக அச்சில் விழுந்து, பாட்டிலாகி வரிசையில் நகர்ந்தது. ஒரு தொழிலாளியின் சட்டைப்பையில் செல்போன் கிணுகிணுத்தது. "மாமியார் கூப்பிடறா" என்று அவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிவிட்டு எண்ணெய்க் குவளையோடு போனார்.

"இன்னும் இதையேதான் நம்பறாங்களா?" என்று கேட்டார் நிதியம்மா.

"நம்பறாங்க. கூடவே சுவர்ல ஒரு சார்ட்டும் மாட்டியிருக்கேன். முன்னாடி இருந்தது. சாஃப்ட்வேர் நல்லா ஓடுதுன்னு எடுத்துட்டோம். இப்ப திரும்ப மாட்டிட்டேன்."

"அப்போ நம்பினது தப்புங்கறீங்க."

"இல்லைங்க. நம்பறதுக்குத்தானே வாங்கினோம்."

புளோயர் பக்கம் வந்து நின்றார்கள். புதிய பேரிங், புதிய பெல்ட், மஞ்சள் பெயிண்ட் அடித்த தடுப்பு. மாமா நடந்ததைச் சொன்னார். நினைவூட்டல் வராததில் ஆரம்பித்து, பேரிங் இறுகியது, பிட்டர் கை வைத்தது, தானே அவனைத் தூக்கிக்கொண்டு ஓடியது வரை. எதையும் கூட்டவில்லை, குறைக்கவும் இல்லை.

நிதியம்மா புளோயர் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தினார். "நீங்க அவங்களுக்கு உறவுன்னு தெரிஞ்சுதான் வந்திருக்கேன். அதனால ஒண்ணே ஒண்ணு கேட்கிறேன். புரோகிராம்ல தப்பு இருக்கிறது சகஜம். சோதிச்சா தெரிஞ்சிருக்கும். சோதிக்காம அனுப்பலாம்னு முடிவு பண்ணினது யாரு?"

மாமா கைத்துணியை எடுத்து, சுத்தமாகவே இருந்த கையைத் துடைத்தார். மறுபடி துடைத்தார். பிறகு அவர் பக்கம் குனிந்து ஒரே ஒரு வரி சொன்னார்.

நிதியம்மா தலையை ஆட்டிக்கொண்டார். மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

*

அக்காவுக்கு அன்று நாற்காலி முள்ளாய் இருந்தது. ஜன்னலுக்குப் போனாள். பிரின்டருக்குப் போய், எடுக்க ஒன்றுமில்லாமல் திரும்பினாள். யாரோ பிறந்தநாள் கேக் வெட்டக் கூப்பிட்டார்கள். போய்க் கை தட்டிவிட்டு, யாருக்குப் பிறந்தநாள் என்று பார்க்காமலே வந்துவிட்டாள். சோதனை பார்க்கும் பெண் தன் மேஜையில் தலையைக் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தாள். விபத்துக்குப் பிறகு அந்தப் பெண் அவளிடம் வேலையைத் தவிர வேறு எதுவும் பேசுவதில்லை.

மாமாவுக்கு போன் போட்டாள். மணி போய்க்கொண்டே இருந்தது. உலைக்கூடத்தில் இருந்தால் எடுக்க மாட்டார். தெரிந்தும் இன்னொரு தடவை போட்டாள்.

மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்த நேரத்தில் நிதியம்மாவே கூப்பிட்டார்.

"உங்க கணவர் நல்ல மனுஷர். சாஃப்ட்வேரும் நல்ல சாஃப்ட்வேர்தான். நாங்க பின்வாங்கலை."

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு மாதமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது கொஞ்சம் நகர்ந்த மாதிரி இருந்தது.

"ஆனா ஒரு நிபந்தனை," என்றார் நிதியம்மா. "ஒருத்தர் கை போயிருக்கு. நாளைக்கு எங்க பணத்துக்கு நாங்க பதில் சொல்லணும். யாராவது பொறுப்பு ஏத்துக்கணும்னு மேலிடத்துல கேட்கிறாங்க. உங்க தம்பி, பொறுப்பு என்னோடதுன்னு ஏற்கெனவே எங்ககிட்ட சொல்லியிருக்கார். அவர் விலகினா நாளைக்கே கையெழுத்து."

"அவன் இல்லாம அந்த சாஃப்ட்வேரே இல்ல."

"புரியுது. கஷ்டமாத்தான் இருக்கும்." என்றார் நிதியம்மா. "இதுல நீங்க சொல்ல வேண்டியது ஏதாவது இருக்கா?"

கேள்வி மெதுவாகத்தான் வந்தது.

"யோசிச்சுச் சொல்றேன்," என்றாள்.

"சரி. யோசிங்க." போன் வைக்கப்பட்டது.

சாப்பாட்டு டப்பாவை மூடினாள். மூடி சரியாக உட்காரவில்லை. அதை அழுத்திக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றாள். சொல்லியிருக்கலாம். மூணே வார்த்தைதான். 'அனுப்பச் சொன்னது நான்தான்.' சொல்லியிருந்தால் நாளைக் கையெழுத்து இல்லை. போட்டிக்காரன் வருவான். இந்தக் கேக் வெட்டுகிறவர்கள் எல்லோரும் வேலை தேடுவார்கள். தனக்காக இல்லை, இவர்களுக்காகத்தான் என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்ட சமாதானம் அது. இன்றைக்கு அதைச் சொல்லிப் பார்த்தாள். செல்லாக் காசாக இருந்தது.

அலுவலகம் முடியும்வரை காத்திருக்காமல் தம்பி வீட்டுக்குக் கிளம்பினாள்.

*

தம்பி வீட்டில் குழந்தை அப்போதுதான் தூங்கியிருந்தது. மனைவியும் அந்த நேரத்தைத் திருடிக்கொண்டு உள்ளே படுத்திருந்தாள். தம்பி சமையலறையில் பால் புட்டிகளைக் கொதிநீரிலிருந்து இடுக்கியால் எடுத்துக்கொண்டிருந்தான்.

"மெதுவா பேசு," என்றான். "எழுந்தா நீதான் தாலாட்டணும்."

அவள் நின்றபடியே நிபந்தனையைச் சொன்னாள். அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தாள். 'நான் அப்பவே சொன்னேன் பார்த்தியா' என்று குத்திக்காட்டுவான் என்று நினைத்தாள். அவன் கடைசிப் புட்டியையும் எடுத்துத் துணியில் கவிழ்த்து வைத்தான்.

"சரி," என்றான்.

"என்னடா சரி?"

"நான் போயிடறேன். அவங்க கேட்கிறதுல நியாயம் இருக்குக்கா. நான் எழுதினது. நான் இல்லாத நேரத்துல போனாலும் என் ஆளுங்க அனுப்பினது. அந்தக் கையைப் பார்க்கும்போதெல்லாம் இவ்வளவு செஞ்சுட்டு இன்னும் அதே நாற்காலியில எப்படி உட்கார்றதுன்னு தோணும். யாராவது எழுப்பி விட்டா நல்லதுன்னுகூட நினைச்சிருக்கேன்."

"உன் ஆளுங்க அனுப்பலை."

"பின்ன?"

"சோதனை பார்க்கிற பொண்ணு தயங்கத்தான் செஞ்சா. நான்தான் அனுப்பச் சொன்னேன். பாதி பார்க்கலைன்னு தெரிஞ்சும் சொன்னேன்."

தம்பி இடுக்கியை வைக்க இடம் தேடுகிறவன்போல் சுற்றிலும் பார்த்தான். கையிலேயே வைத்துக்கொண்டான்.

"அவளை நான் திட்டியிருக்கேன்," என்றான் மெதுவாக. "எல்லார் முன்னாடியும். ஒரு வார்த்தை திரும்பப் பேசலை. நீயும் அங்கேதான் நின்னே."

"நின்னேன்."

"ஒரு மாசமா அந்த வீட்டுல போய் மன்னிப்புக் கேட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். நீ பழம் வாங்கித் தந்தே. பாவம் அக்கா, பார்க்கத் தாங்காது, அதான் வரலைன்னு நானே அவங்ககிட்ட உனக்காகப் பேசினேன்."

"திட்டுடா. நல்லா திட்டு."

"குழந்தை தூங்குது," என்றான் அவன்.

ஆணியில் மாட்டியிருந்த வண்டிச் சாவியை எடுத்தான். எங்கே என்று கேட்டாள். கதவருகில் நின்றான். "என்கிட்ட சொல்லிட்டே. ஆனா சொல்ல வேண்டியது என்கிட்ட இல்லையே."

அவன் மனைவி அறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "என்னாச்சு அண்ணி?"

"ஒண்ணுமில்லம்மா. நீ படு."

படியிறங்கும்போதே நிதியம்மாவுக்கு போன் போட்டாள். யோசித்தால் பேச முடியாது என்று தெரியும். மணி அடிக்கும்போதே இரண்டாவது மாடி தாண்டிவிட்டாள். எடுத்ததும் வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"சோதிக்காம அனுப்பச் சொன்னது என் தம்பி இல்ல. நான். அவனுக்கு இப்பதான் தெரியும்."

அந்தப் பக்கம் யாரிடமோ 'ஒரு நிமிஷம்' என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"காலையில இதைத்தான் உங்க கணவர்கிட்ட கேட்டேன்," என்றார் நிதியம்மா. "அதை என் மனைவிகிட்ட கேளுங்கன்னார். மதியம் கேட்டேன். நீங்க யோசிக்கணும்னீங்க."

அக்கா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தாள்.

"தம்பி போக வேண்டாம்தானே?"

"அதை நான் தனியா சொல்ல முடியாது. நாளைக்குக் காலையில மேலிடத்துல பேசறேன். கையெழுத்து நாளைக்கு இல்லைன்னு வெச்சுக்கங்க. எப்பன்னும் எனக்குத் தெரியாது. பேச்சுல இனிமே உங்க பேர்தான் அடிபடும். தயாரா இருங்க."

*

வீட்டுக்கு வந்தபோது தெருவில் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிய ஆரம்பித்திருந்தன. மாமா முன்னறையில் உட்கார்ந்திருந்தார். ஷூவைக் கழற்றவில்லை.

"சொல்லிட்டேன்," என்றாள். "தம்பிகிட்டயும் அவங்ககிட்டயும்."

"தெரியும்."

"உங்களுக்கு எப்போ தெரியும்?"

"நீ அடுப்படியில நின்னு போன்ல 'பார்த்துக்கலாம், அனுப்பிடு'ன்னு சொன்ன அன்னைக்கு நான் கை கழுவிக்கிட்டு இருந்தேன். எதை அனுப்பச் சொல்றேன்னு அப்ப புரியலை. புளோயர் நின்னப்புறம் புரிஞ்சுது."

"ஏன் என்னைக் கேட்கலை?"

"கேட்டா நீ சொல்லிடுவே. சொல்லிட்டா நான் சும்மா இருக்க முடியாது. காதுல விழுந்ததை யார்கிட்டயும் சொல்லணும்னு இல்ல, நீ வாயைத் திறந்து சொன்னாத்தான் அது எனக்குத் தெரிஞ்சதா கணக்குன்னு நானே ஒரு சட்டம் போட்டுக்கிட்டேன். தினமும் அந்தப் பையன் வேலை செஞ்ச இடத்தைத் தாண்டித்தான் போறேன். அந்தச் சட்டம் அங்கே போனா நிக்கறதில்ல."

அவள் எதிரில் உட்கார்ந்தாள். உடனே எழுந்தாள். "இப்ப என்ன பண்ணப் போறீங்க?"

"புரோகிராம் தப்புன்னு எங்க முதலாளிகிட்ட சொன்னவன் நான். அது பாதிதான்னு நாளைக்குப் போய்ச் சொல்லணும். ஒரு மாசமா மூடி வெச்சிருந்தேன்னும் சேர்த்துச் சொல்லணும்."

"வேலை போயிடுமா?"

"யாருக்கு?"

யார் யாருக்கு என்று எண்ணிப் பார்க்கவே பயமாக இருந்தது.

மாமா எழுந்து சாவியை எடுத்தார். "கிளம்பு. உன் தம்பி போன் பண்ணினான். உன்னைக் கூட்டிட்டு வரச் சொன்னான்."

"எங்கே இருக்கான்?"

"பிட்டர் வீட்டுல."

"அவங்ககிட்ட சொல்லிட்டானா?"

"இல்ல. அக்கா வர்றாங்கன்னு மட்டும் சொல்லியிருக்கான். மிச்சத்தை நீயே வந்து சொல்லணும்ங்கிறான். அந்தப் பையன் பொண்டாட்டி உனக்கும் சேர்த்து டீ போட்டுக்கிட்டு இருக்காம்."

மாமா கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். அக்கா வாசலில் குனிந்து செருப்பைத் தேடினாள். அலமாரிக்குக் கீழே பார்த்தாள், கதவுக்குப் பின்னால் பார்த்தாள். அது அவள் காலிலேயே இருந்தது.